முகம் மாறும் கணக்கு

1770இல் பெட்ரஸ் காம்பர் என்ற டச்சு உடற்கூறியல் அறிஞர் ஆம்ஸ்டர்டாம் ஓவியப் பள்ளியில் ஓவியர்களுக்காக உரை நிகழ்த்தினார். மண்டையோடுகளைப் பக்கவாட்டில் வரைந்து, நெற்றியிலிருந்து தாடைக்கு இறங்கும் கோட்டின் சாய்வை அளந்து காட்டினார். 1789இல் அவர் இறந்த பிறகு, 1791இல் அந்தக் கருத்துகள் நூலாக வெளிவந்தன. நூலின் தலைப்பே இரண்டு பொருள்களை அறிவித்தது: நாட்டுக்கு நாடு முகம் எப்படி வேறுபடுகிறது என்பது ஒன்று, வயதுக்கு வயது எப்படி வேறுபடுகிறது என்பது மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பொருளைத்தான் பிடித்துக்கொண்டது. காம்பரின் ‘முகக் கோணம்’ மனித இனங்களை மேல் கீழாக அடுக்கும் அளவுகோலாகத் திரிக்கப்பட்டது. குழந்தையின் மண்டையோடு எந்த வழியாக முதியவரின் மண்டையோடாகிறது என்ற இரண்டாம் கேள்வியைத் தொட்டவர்கள் சிலரே. அந்தச் சிலர் இருநூற்றைம்பது ஆண்டுகளில் செய்ததைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வெவ்வேறு வயதினரை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டவர்கள் முகம் மாறும் பொதுப்போக்கைக் கண்டார்கள். ஒரே முகத்தை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தவர்களே அது உண்மையில் எப்படி மாறுகிறது என்பதைக் கண்டார்கள். கணிதம் கூர்மையாகியிருக்கிறது, கருவிகள் பலமுறை மாறியிருக்கின்றன. ஆனாலும் ஒரு மாதிரியை எவ்வளவு நம்பலாம் என்பதை அதன் பின்னால் இருந்த தொடர் பதிவுதான் தீர்மானித்து வந்திருக்கிறது.

பொதுப்போக்கைக் காண்பது அவ்வளவு கடினமல்ல. பிறந்த குழந்தையின் தலையில் மூளையைக் காக்கும் பெட்டி முகத்தைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு பெரியது. வளர்ந்தவரிடம் அது இரண்டு, இரண்டரை மடங்குதான். மூளை முந்திக்கொண்டு வளர்வதே காரணம். ஆறு வயதுக்குள் அது தன் முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. முகம் பிந்தி வருகிறது, அதிலும் கீழ்த்தாடை கடைசியில் வருகிறது. குழந்தையின் நெற்றி புடைத்தும் கண்கள் பெரிதாகவும் தோன்றுவதும், பதின்வயதில் மூக்கும் தாடையும் சட்டென்று நீண்டுவிட்டதாகப் படுவதும் இந்த வேக வேறுபாட்டினால்தான். ஓவியர்களுக்கு இந்த விகிதக் கணக்கில் பழைய ஈடுபாடு உண்டு. ஆல்பிரெக்ட் டியூரர் 1528இல் இறந்த சில மாதங்களில் வெளியான அவரது மனித விகிதங்கள் பற்றிய நான்கு புத்தகங்களில், முகத்தின்மேல் கட்டங்கள் வரைந்து, அவற்றை ஒரு பக்கம் நீட்டியும் மறுபக்கம் சுருக்கியும் ஒரே முகத்திலிருந்து பல முகங்களைப் பெறும் முறை இருக்கிறது. பின்னால் வந்த வடிவக்கணித முறைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. ஆனால் டியூரரின் கட்டங்கள் எந்தெந்த முகங்கள் சாத்தியம் என்பதை மட்டுமே சொல்லும். எந்த முகம் எந்த முகமாக மாறும் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. கேள்வியின் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியில் முதலில் கை வைத்தவர்கள் பல்லையும் தாடையையும் ஆராய்ந்தவர்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், 1771இல் பற்களைப் பற்றி எழுதிய நூலில், பல வயதினரின் கீழ்த்தாடைகளை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். தாடை முன்பக்கம் நீள்வதில்லை. பின்பக்கத்தில் எலும்பு சேர்கிறது, முன்னால் இருந்த எலும்பு கரைகிறது, அப்படித்தான் கடைவாய்ப் பற்களுக்கு இடம் பிறக்கிறது என்றார். கூர்மையான ஊகம்தான். ஆனால் வெவ்வேறு பிணங்களின் எலும்புகளை வரிசைப்படுத்திப் பெற்ற ஊகம் அது. அதற்குச் சான்று கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டு ஆயிற்று. 1860களில் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஹம்ப்ரி, உயிருள்ள பன்றிக்குட்டிகளின் தாடை எலும்பில் கம்பி வளையங்களை மாட்டி, அவை வளரும்வரை காத்திருந்தார். பின்விளிம்பில் இட்ட வளையத்தைப் புது எலும்பு மூடிக்கொண்டது. முன்விளிம்பில் இட்ட வளையம் எலும்பு கரைந்து விடுபட்டது. முகம் பலூன்போல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உப்புவதில்லை, ஓரிடத்தில் கட்டியும் ஓரிடத்தில் இடித்துமே வளர்கிறது என்பது இதனால் ஐயமற நிலைபெற்றது. இரண்டு முடிவுகளும் ஒன்றே. அவற்றின் உறுதிதான் வேறு. ஹன்டரிடம் பல தாடைகள் இருந்தன. ஹம்ப்ரியிடம் ஒரே தாடையின் நேற்றும் இன்றும் இருந்தன.

இந்தப் பாடத்தை அடுத்த தலைமுறை மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. பிரான்சிஸ் கால்டன் 1870களின் இறுதியில் பலருடைய புகைப்படங்களை ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துக் கூட்டுமுகங்களை உருவாக்கினார். குற்றவாளிக்கென ஒரு முக வார்ப்பு இருக்கும், அது இப்படி வெளிப்பட்டுவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. கூட்டுமுகம், அதில் கலந்த தனி முகங்களைவிடச் சீரானதாகவும் பார்க்க இனியதாகவும் அமைந்தது. ஒவ்வொருவருக்கும் உரிய கோணல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. சராசரி எதைத் தருகிறது, எதைத் தின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1917இல் டார்சி தாம்ஸன் வளர்ச்சியும் வடிவமும் பற்றிய தம் பெருநூலில் டியூரரின் கட்டங்களை உயிரியலுக்குள் கொண்டுவந்தார். மனித மண்டையோட்டின்மேல் சதுரக் கட்டம் வரைந்து, அதை ஒழுங்காக வளைத்தால் சிம்பன்ஸியின் மண்டையோடு கிடைப்பதைக் காட்டினார். ஓர் உருவம் இன்னோர் உருவமாவது துண்டு துண்டான மாற்றங்களால் அல்ல, முழு வடிவத்தையும் ஆளும் ஒரே ஒழுங்கினால் என்ற அவருடைய பார்வை இன்றும் மதிக்கத்தக்கது. அவர் கைக்கொண்டதும் ஒப்பீட்டு முறையே. இரண்டு இறுதி வடிவங்களுக்கு நடுவே ஒரு பாலம் கட்டினார். அந்தப் பாலத்தின் வழியாக எந்த உயிரும் நடந்து சென்றதாக அவர் காட்டவில்லை.

திருப்பம் நிகழ்ந்தது பல் சீரமைப்பு மருத்துவத்தில். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாலி பிராட்பென்ட் என்ற மருத்துவருக்குத் தெரியவேண்டியது எளிய ஒன்று: குழந்தையின் பல்லுக்குக் கம்பி கட்டியபின் தாடை நகர்ந்தால், அது கம்பியின் வேலையா, வளர்ச்சியின் வேலையா? அதற்கு அதே குழந்தையின் தலையை ஒவ்வோர் ஆண்டும் ஒரே நிலையில் வைத்து எக்ஸ்-ரே எடுக்கவேண்டும். காதுத் துளைகளில் பொருந்தும் தண்டுகளால் தலையை அசையாமல் பிடித்து, எக்ஸ்-ரே குழாயை ஐந்தடி தொலைவில் நிலைநிறுத்தும் கருவியை அவர் அமைத்தார். 1931இல் அந்த முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும் இத்தகைய முறையை வெளியிட்டார். ஆனால் பிராட்பென்டுக்குக் கருவியோடு காலமும் பொருளும் வாய்த்தன. போல்டன் குடும்பத்தின் நிதியுதவியில் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு, நலமாக இருந்த குழந்தைகளை ஆண்டுதோறும் வரவழைத்துப் படம் எடுத்துச் சேர்த்தது. ஒன்று முதல் பதினெட்டு வயது வரை ஆண்டுக்கொரு திட்டவடிவமாக அந்தப் பதிவுகளின் சாரம் 1975இல் நூலானது. தொடங்கியவர் ஒருவர், பயன் கண்டவர்கள் இன்னொரு தலைமுறையினர்.

தொடர் பதிவு இருந்தால் மட்டும் போதும் என்று சொல்லவரவில்லை. அதையும் தவறாகப் படிக்க முடியும் என்பதை அடுத்த கட்டம் காட்டியது. ஆலன் பிராடி 1941இல், போல்டன் பதிவுகளில் இருந்த 21 ஆண் குழந்தைகளின் மூன்றாம் மாதம் முதல் எட்டாம் வயது வரையான படங்களை ஆராய்ந்து, முகத்தின் அமைப்பு மிக இளமையிலேயே முடிவாகிவிடுகிறது, அதன்பின் அளவுதான் பெருகுகிறது, அமைப்பு மாறுவதில்லை என்றார். பல ஆண்டுகள் இதுவே ஏற்கப்பட்ட கொள்கையாக இருந்தது. அதை உடைத்தவர் டென்மார்க்கின் ஆர்னே பியோர்க். அவர் குழந்தைகளின் தாடை எலும்பில் மிகச் சிறிய உலோக ஊசிகளைப் பதித்து, ஆண்டுதோறும் எக்ஸ்-ரேயில் அவற்றின் இடத்தைக் குறித்துவந்தார். 1955 முதல் வெளியான முடிவுகள் வியப்பளித்தன. வளரும்போது தாடை உள்ளுக்குள் சுழல்கிறது. ஆனால் அதன் கீழ்விளிம்பில் எலும்பு கரைந்தும் சேர்ந்தும் அந்தச் சுழற்சியைப் பெருமளவு மறைத்துவிடுகிறது. வெளிக்கோட்டை மட்டும் பார்த்த பிராடிக்கு அமைப்பு மாறாததுபோல் தெரிந்ததற்கு இதுவே காரணம். சுழலும் அளவும் திசையும் ஆளுக்கு ஆள் மாறின. ஹம்ப்ரி பன்றிகளிடம் செய்ததைப் பியோர்க் மனிதர்களிடம், துன்பம் தராத அளவில் செய்தார் எனலாம். சராசரி வடிவங்களை எவ்வளவு நுட்பமாக அடுக்கியிருந்தாலும் இந்தச் சுழற்சி வெளிப்பட்டிருக்காது. எலும்புக்குள் நிலைத்த ஓர் அடையாளமும் அதை ஆண்டுகள்தோறும் பார்த்த கண்ணும் வேண்டியிருந்தன.

பெரியவர்களின் முகம் பற்றியும் இதே கதைதான். இருபது வயதோடு எலும்பு வளர்ச்சி முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு மாறுவதெல்லாம் தோலும் சதையும்தான் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980களில் ரோல்ஃப் பெரன்ட்ஸ் என்ற ஆய்வாளர், குழந்தைப் பருவத்தில் போல்டன் ஆய்வில் பங்கேற்றவர்களைத் தேடிப் பிடித்து, நடுவயதையும் முதுமையையும் எட்டியிருந்த அவர்களை மீண்டும் படம் எடுத்தார். முக எலும்புகள் முதிர்ந்த வயதிலும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டிருந்தன, மூக்கு நீண்டிருந்தது, உதடுகள் தட்டையாகியிருந்தன. இதைக் கண்டறிய ஒரே நாளில் இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் படம் எடுத்து ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1980இல் எழுபது வயதில் இருந்தவர் 1910இல் பிறந்தவர். அவர் உண்ட உணவு வேறு, பல் இழந்த விதம் வேறு, அவர் தலைமுறையின் உயரமே வேறு. இருபது வயதினருடன் அவரை ஒப்பிடும்போது முதுமையின் வேலையும் காலமாற்றத்தின் வேலையும் பிரிக்கமுடியாமல் கலந்துவிடுகின்றன. வயதாகும்போது கண்குழி அகல்கிறது, மேல்தாடை உள்வாங்குகிறது என்று சொல்லும் சி.டி. ஸ்கேன் ஆய்வுகள் பலவும் வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டவை. அவற்றின் திசை சரியாக இருக்கலாம். அளவை ஏற்கும்போது இந்த எச்சரிக்கை உடன் இருக்கவேண்டும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. ஒற்றை எண்ணைக் கொண்ட ஒரு சூத்திரமே முகத்தின் வளர்ச்சியைப் பெரும்பாலும் பிடித்துவிடுகிறதே, பின் எதற்கு இத்தனை ஆண்டு காத்திருப்பு? 1975இல் ஜான் பிட்டெங்கரும் ராபர்ட் ஷாவும் அத்தகைய சூத்திரத்தை முன்வைத்தார்கள். உச்சந்தலை அப்படியே இருக்க, கீழே போகப் போகப் புள்ளிகளை மேலும் மேலும் வெளித்தள்ளும் உருமாற்றம் அது. வட்டத்தில் இட்டால் இதய வடிவக் கோட்டைத் தரும். அதில் ஓர் எண்ணைக் கூட்டினால் பக்கவாட்டு முகம் குழந்தையிலிருந்து பெரியவராகிறது. பார்ப்பவர்கள் கேள்விக்கு இடமின்றி அதை வயது மாற்றமாகவே உணர்ந்தார்கள். நாய், குரங்கு, பறவை முகங்களுக்கும் அது பொருந்தியது. 1979இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் படத்துக்கு அதைப் பொருத்தியபோது, அந்தக் காருக்கும் வயது கூடுவதாக மக்கள் மதிப்பிட்டார்கள். கீழ்ப்பகுதியில் அழுத்தம் மிகுவதால் வளர்ச்சி அவ்வழியே ஓடுகிறது என்று ஓர் இயற்பியல் விளக்கமும் அதற்குத் தரப்பட்டது. டார்சி தாம்ஸனின் கனவு ஏறத்தாழ நனவானதுபோல் இருந்தது.

இந்தச் சாதனை மெய்யானதே. அது எதை மெய்ப்பித்தது என்பதில்தான் கவனம் தேவை. காருக்கு வயதாகாது. காரும் வளர்வதாகத் தோன்றுகிறதென்றால், அந்தச் சூத்திரம் முதலில் விவரிப்பது நம் கண் வயதை எந்த அடையாளத்தால் படிக்கிறது என்பதையே. ஒரு குறிப்பிட்ட பிள்ளை எப்படி வளர்வாள் என்பது அதிலிருந்து தானாகக் கிடைத்துவிடாது. இதைச் சூத்திரத்தை நம்பியவர்களே நடைமுறையில் ஒப்புக்கொண்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்று, பின்னர் அமெரிக்காவில் கணினிப் பார்வைத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ராம செல்லப்பாவும் நாராயணன் ராமநாதனும் 2006இல் குழந்தை முகங்களின் வளர்ச்சிக்கு ஒரு கணினி மாதிரி அமைத்தார்கள். அடித்தளம் அதே இதய வடிவ உருமாற்றம்தான். ஆனால் ஒற்றை எண் போதவில்லை. முகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி வளர்ச்சி எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண்களைத் தீர்மானிக்க, டொரோண்டோவில் லெஸ்லி ஃபார்காஸ் ஆண்டுக்கணக்கில் குழந்தைகளின் முகங்களில் கைக்கருவியால் எடுத்துவைத்த அளவுகளை நாடினார்கள். சூத்திரம் சட்டகத்தைத் தந்தது. அதை மெய்யான முகமாக்க அளந்தவரின் உழைப்பு வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இந்தக் கலை தொழிலாக உருவெடுத்தது காணாமல்போன குழந்தைகளுக்காகத்தான். நியூயார்க்கின் கலைஞர் நான்சி பர்ஸன், ஒருவரின் முகத்தை வேறு வயதில் காட்டும் கணினி முறைக்கு 1981இல் தாமஸ் ஷ்னைடருடன் காப்புரிமை பெற்றார். சிகாகோவின் இலினாய் பல்கலைக்கழக மருத்துவ ஓவியர்கள் லூயிஸ் சாட்லரும் ஸ்காட் பாரோஸும் முக வளர்ச்சி அளவுகளைக் கொண்டு காணாமல்போன குழந்தைகளின் படங்களை வளர்த்தெடுத்தார்கள். காணாமல்போன குழந்தைகளுக்காக 1984இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய மையம் இன்று பதினெட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் படத்தைப் புதுப்பிக்கிறது. அந்த ஓவியர்கள் முதலில் கேட்பது தாய் தந்தையர் அதே வயதில் எடுத்துக்கொண்ட படங்களை. பிள்ளையின் பிந்தைய பதிவு இல்லாததால், அதற்கு மிக நெருக்கமான தொடர் பதிவைக் குடும்பத்திலேயே தேடுகிறார்கள். அளவீடே இல்லாமலும் வெற்றி கிடைத்திருக்கிறதே என்பதற்கு ஜான் லிஸ்ட் வழக்கைக் காட்டுவார்கள். 1971இல் தன் குடும்பத்தையே கொன்றுவிட்டு மறைந்த அவரை, பிலடெல்பியா சிற்பி ஃபிராங்க் பெண்டர் வடித்த முதிய முகம் 1989இல் தொலைக்காட்சியில் வந்த பதினோரு நாளில் பிடித்துக்கொடுத்தது. ஆனால் பெண்டர் பொதுவான முதுமையை வடிக்கவில்லை. அந்த மனிதரின் இயல்பு, அவர் அணியக்கூடிய மூக்குக்கண்ணாடி வரை ஓர் உளவியல் அறிஞருடன் ஆய்ந்தே செய்தார். அங்கேயும் வென்றது தனிமனிதரைப் பற்றிய அறிவுதான்.

இன்றைய மறுப்பு வேறு வகையானது. கோடிக்கணக்கான படங்களில் பயிற்சி பெற்ற கணினி, எவரையும் பின்தொடராமலே ஒருவரைக் கிழவராக்கிக் காட்டிவிடுகிறது. அது நம்பும்படியும் இருக்கிறது. நம்பும்படி இருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதே இதற்குப் பதில். இத்தகைய முறைகளைப் பெரும்பாலும் இரண்டு கேள்விகளால் சோதிக்கிறார்கள்: படத்தில் இருப்பவர் அந்த வயதினராகத் தெரிகிறாரா, அதே ஆளாகவும் தெரிகிறாரா? இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தாலும், அந்த மனிதர் மெய்யாகவே அப்படி ஆனாரா என்பது விடுபட்டுப்போகிறது. அதை அறிய வயதான அதே மனிதரின் படம் வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2014இல் ஆயிரக்கணக்கான இணையப் படங்களின் சராசரிகளைக் கொண்டு முகத்தை முதுமைப்படுத்திய குழுவும், தன் முறையைச் சோதிக்க எஃப்ஜி-நெட் என்ற முகப்படத் தொகுப்பிடம்தான் வந்தது. அதில் இருப்பவர்கள் 82 பேர், அவர்களுடைய படங்கள் 1,002. பெரும்பாலும் குடும்ப ஆல்பங்களிலிருந்து சேர்த்தவை. அதைவிடப் பெரிய மார்ஃப் தொகுப்பில் 55,000 படங்கள் உண்டு. ஆனால் அவை கைதுப் பதிவுகளிலிருந்து வந்தவை, ஒருவருக்குச் சராசரியாக நான்கு படம்தான், அவற்றுக்கு இடைப்பட்ட காலமும் பெரும்பாலும் குறைவு. எண்ணிக்கை வானளாவ உயர்ந்தபோதும், தேர்வுநாள் வந்ததும் சில டஜன் மனிதர்களின் தொடர் பதிவுகளுக்கே திரும்பவேண்டியிருந்தது.

கடைசி மறுப்புதான் கடினமானது. தொடர் பதிவே மேல் என்றால், அதைப் பெற நலமான குழந்தைகளை ஆண்டுதோறும் எக்ஸ்-ரேக்கு உட்படுத்தவேண்டும். இன்று எந்த நெறிக்குழுவும் அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆகவே போல்டன் பதிவு போன்றவற்றை இனி திரும்ப உருவாக்க முடியாது. அமெரிக்கப் பல் சீரமைப்பு அறக்கட்டளை பழைய தொகுப்புகளை எண்முறைப் படங்களாக்கிக் காத்துவருவதும் இதனால்தான். அந்தத் தொகுப்புகளின் குறையும் மறைக்கக்கூடியதல்ல: அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் வட அமெரிக்க வெள்ளையினக் குழந்தைகள். அவர்களைப் போன்ற வெள்ளையினரை ஒட்டி டவுன்ஸ், ஸ்டெய்னர் என்ற பல் சீரமைப்பு மருத்துவர்கள் வகுத்த முக அளவுகளையே நம் பல் மருத்துவக் கல்லூரி மாணவர்களும் படிக்கிறார்கள். பதிவின் அருமையை வலியுறுத்தும் வாதம் அதன் குறுகலையும் ஏற்றாகவேண்டும். ஆனால் குறுகலுக்கு மருந்து பதிவைக் கைவிடுவதல்ல. கதிர்வீச்சு இல்லாத முப்பரிமாண முகப்படக் கருவிகள் இப்போது இருக்கின்றன. பள்ளிகளும் மருத்துவமனைகளும் உரியவரின் சம்மதத்தோடு, உரிய காப்போடு, இதுவரை யாரும் பின்தொடராத மக்களின் முகங்களை ஆண்டுதோறும் பதிய முடியும். அதன் பயன் முப்பது ஆண்டு கழித்தே தெரியும் என்பதுதான் நிதி தருவோருக்கு உள்ள தயக்கம். 1929இல் கிளீவ்லாந்தில் பணம் தந்தவர்களுக்கும் அந்த நிலைமைதான் இருந்தது. அத்தகைய பதிவுகள் சேரும்வரை, காணாமல்போன ஒரு பிள்ளையின் பதினெட்டு வயதுப் படம் வெளியாகும்போது, அதை ஒரே விடையாக அல்ல, சாத்தியமான சில முகங்களில் ஒன்றாகவே காட்டுவது நேர்மை. கூடவே இரண்டு மூன்று மாற்று முகங்களையும் வெளியிடலாம். பொதுப்போக்கை மாதிரி சொல்லட்டும். அந்தப் பிள்ளைக்கே உரிய மீதியை எந்தச் சராசரியும் தெரிந்துவைத்திருக்கவில்லை என்பதைத் தேடுபவர்கள் அறிந்திருந்தால், படத்தோடு ஒத்துப்போகாத ஒரு முகத்தையும் அவர்கள் தள்ளிவிடாமல் இருப்பார்கள்.